இரண்டாவது காது

என் வீட்டுக்காரர் சின்னுசாமிக்குக் கோபம் வரவழைப்பது ரொம்பச் சுலபம். "உங்களுக்குக் கரண்டு வெச்சாங்களாமே?" என்று யாராவது கேட்டால் போதும். கையிலிருக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, கேட்டவரை ஸ்டூலில் உட்காரவைத்துப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

"கரண்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியுமுங்க. முப்பத்தஞ்சு வருசமா அதுலதான் சோறு திங்கறன். அங்க வெச்சது கரண்டு இல்ல. எக்ஸ்ரே எடுக்கறாங்கல்ல, அந்த மாதிரி ஒரு கதிரு. ஒடம்புல பூந்து அக்கட்டால போயிரும். உள்ள தங்காது. கரண்டுன்னு சொல்லாதீங்க."

ராசிபுரத்தில் அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை. கிணற்று மோட்டார், போர் மோட்டார், மிக்ஸி மோட்டார் என்று எரிந்துபோய் வருகிற எதையும் பிரித்துச் செம்புக் கம்பி சுற்றி ஓட வைத்துவிடுவார். அப்படிப்பட்ட ஆளிடம் போய்க் கரண்டைப் பற்றிப் பேசினால் சும்மா விடுவாரா? ஆனால் எங்கள் பக்கம் கேன்சர் வந்த வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். ஆபரேஷன் செய்வது, ஊசி போடுவது, கரண்டு வைப்பது. நானும் அப்படித்தான் சொல்வேன், அவர் பக்கத்தில் இல்லாதபோது.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவருக்கு பிராஸ்டேட் சுரப்பியில் கட்டி என்றார்கள். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அந்தச் சுரப்பியையே எடுத்தார்கள். அடுத்த வருஷம் ரத்தப் பரிசோதனையில் ஏறக் கூடாத எண் ஏறியது. முப்பத்து மூன்று நாள் கதிர் வைத்தார்கள். தினமும் காலையில் பஸ் ஏறிப் போவார். அங்கே வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, மிஷினுக்கு அடியில் படுத்து எழுந்து, மத்தியானம் வந்து பட்டறையைத் திறப்பார். முப்பத்து மூன்று நாளும் ஒரு நாள்கூடப் பட்டறை திறக்காமல் இருந்ததில்லை. அதன்பிறகு ஆறு வருஷம் நன்றாக இருந்தார். தொலைந்தது சனியன் என்று நானும் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு மறந்துபோனேன்.

போன சித்திரையில் ஒரு நாள் பாத்ரூமிலிருந்து வந்து, "ஒண்ணுக்கு செவப்பாப் போகுது வசந்தா" என்றார்.

நான் செய்த தப்பை மறைக்காமல் சொல்கிறேன். "சூடுங்க அது" என்றேன். எங்கள் ஊரில் கண் எரிந்தாலும் சூடு, வயிறு வலித்தாலும் சூடு, வாயில் புண் வந்தாலும் சூடு. அவரோ நாளெல்லாம் காயிலுக்குப் பூசின வார்னிஷைக் காயவைக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற மனுஷன். சூடு என்று சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தேன். இளநீர் கொடுத்தேன். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். இரண்டு நாள் நிற்கும், பிறகு மறுபடியும் வரும். மூன்று மாதம் இப்படியே ஓட்டினேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆடி மாதம் சீர்த்துணி எடுக்க சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தோம். துணிக்கடையில் பாவாடைத் துணியை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோதே அவர் நெளிய ஆரம்பித்தார். கடைக்குப் பின்னால் போனார், வந்தார், திரும்பப் போனார். மூன்றாம் முறை வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. சட்டை தெப்பலாக நனைந்திருந்தது.

"வரமாட்டேங்குது வசந்தா. கட்டிகட்டியா அடைச்சுக்கிச்சு" என்றவர் துணிக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் என் கையைப் பிடித்த பிடியில் இரண்டு வளையல் உடைந்தது. குழாய் போட்டார்கள். மூன்று நாள் தண்ணீர் விட்டு விட்டு மூத்திரப்பையைக் கழுவினார்கள். நான் வெளியே உட்கார்ந்து, கேன்சர் திரும்பி வந்துவிட்டது, என் வெந்தயத்தால்தான் இந்த மனுஷன் போகப் போகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

டாக்டர் அனிதா உள்ளே கேமரா விட்டுப் பார்த்து, கசிந்த இடத்தைச் சுட்டு நிறுத்திவிட்டு வந்து சொன்னார்: "கேன்சர் இல்லம்மா. ரத்தப் பரிசோதனையும் சுத்தமா இருக்கு. இது அன்னைக்கு வெச்ச கதிரோட வேலை. கேன்சரக் கொன்ன அதே கதிர் பக்கத்துல இருந்த மூத்திரப்பையையும் உள்ள வேகவெச்சிருக்கு. அப்பத் தெரியாது. வருஷக்கணக்கா ரத்தக்குழாய் மெலிஞ்சு மெலிஞ்சு இப்ப உடையுது. பையும் சுருங்கிப்போச்சு."

படுத்திருந்த இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "லோ வோல்டேஜ்ல ஓட்டுன மோட்டாரு மாதிரிங்களா டாக்டர்? அன்னைக்கே எரியாதுங்க. நல்லாத்தான் ஓடும். உள்ள வார்னிஷ் கருகிக் கெடக்கும். ரெண்டு வருசம் கழிச்சு ஒரு நாளு பொகையும்."

"அதேதான் ஐயா. ஆனா நீங்க காயில் மாத்தற மாதிரி எங்களால இத மாத்த முடியாது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இனிமேல் அரை மணிக்கு ஒருதரம் போகவேண்டி வரும், வந்தால் அடக்க முடியாது, துணியோ நாப்கினோ வைத்துக்கொள்ள வேண்டும், ரத்தம் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம், வந்தால் உடனே ஓடி வரவேண்டும் என்றார் டாக்டர். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கூடவே இருக்கும். அதற்குத் தகுந்த மாதிரி வாழக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இவர் கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? ஒளிந்துகொள்வது. பட்டறை, வீடு, பாத்ரூம். இவ்வளவுதான் உலகம் என்று ஆக்கிக்கொண்டார். கல்யாணத்துக்குப் போவதில்லை, பஸ் ஏறுவதில்லை, டீக்கடைப் பெஞ்சில்கூட உட்காருவதில்லை. உட்கார்ந்து எழுந்தால் ஈரம் தெரிந்துவிடுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதற்குச் சீர்த்துணி எடுக்கப் போனோம் என்று சொல்லவில்லையே. இவருடைய தங்கை கோகிலவாணியின் மகளுக்குக் காதுகுத்து. கோகிலா இவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். அவளுக்கு நாலு வயதிருக்கும்போது அப்பா போய்விட்டார். இவர்தான் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, படிக்க வைத்து, ஆட்டையாம்பட்டியில் ஆனந்தகுமாருக்குக் கட்டிக் கொடுத்தார். பதின்மூன்று வருஷம் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. அதற்கப்புறம் பிறந்தாள் இலக்கியா. பிறந்த அன்றே இவர் சொல்லிவிட்டார், "இவ காது குத்தறப்ப எம் மடி தயாரா இருக்கும்" என்று. எங்களில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். அந்த மடி வேறு யாருக்கும் கிடையாது. மாமன் செத்துப்போயிருந்தால்தான் பங்காளி உட்காருவான்.

காதுகுத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆனந்தகுமார், அவருடைய அம்மா பழனியம்மாள், கோகிலா மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். காப்பி குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசினார்கள். டம்ளரைக் கீழே வைத்ததும் பழனியம்மாள் ஆரம்பித்தார்.

"சாமி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குக் கரண்டு வெச்ச ஒடம்பு. இப்பத்தான் அது உள்ள வேலை செய்யுதுன்னு கேள்விப்பட்டம். தவமிருந்து பெத்த புள்ள. மடியில வெச்சு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா… உங்க பெரியப்பா மவன் மருதாசலம் இருக்கறாருல்ல, அவர உக்கார வெச்சுக்கலாமுங்களா?"

ஆனந்தகுமார் சுவர்க் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். கோகிலா தலையே நிமிரவில்லை.

இந்தம்மாவுக்கு இன்றைக்கு நல்ல பாடம் காத்திருக்கிறது என்று நினைத்தேன். கரண்டு என்ற வார்த்தை காதில் விழுந்துவிட்டதே! அது கரண்டு இல்லீங்க, கதிரு, உள்ளே தங்காது என்று ஆரம்பிப்பார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க. கரண்டு ஒடம்பு. எதுக்கு வம்பு? மருதாசலமே உக்காரட்டும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்கள் வண்டி தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, கதிரு உள்ள தங்காதுன்னு ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுத்தீங்களே, இன்னைக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? கொழந்தைய மடியில வெச்சுக்கலாமான்னு நானே டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். 'மிஷின ஆப் பண்ணுனா முடிஞ்சுது, ஒடம்புல ஒண்ணும் இருக்காது, தாராளமா வெச்சுக்கலாம்'னு சொன்னாங்க. நீங்களும் கேட்டுட்டுத்தான இருந்தீங்க?"

அவர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அரை மணி நேரம் புள்ளைய மடியில வெச்சு அத்தன சனத்துக்கு முன்னால உக்காரோணும். நடுவுல வந்துருச்சுன்னா? மூத்திரம் நிக்காத மாமன்னு சொல்றதுக்கு, கரண்டு ஒடம்பு மாமன்னு சொன்னா மரியாதையா இருக்குது வசந்தா."

ஏழு வருஷமாக அந்த வார்த்தையோடு மல்லுக்கு நின்ற மனுஷன் இப்போது அதற்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொண்டுவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "நீங்க கேன்சருக்கே பயப்படல. போயும் போயும் ஒரு ஈர வேட்டிக்குப் பயப்படறீங்க" என்று கத்தினேன். அவர் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். நான் பழனியம்மாளுக்குப் போன் போட்டு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க கண்ணு, புள்ளைக்கு ஒண்ணுன்னா அவீங்களா வருவாங்க?" என்று போனை வைத்துவிட்டார்.

ஆவணியில் காதுகுத்து. ஆட்டையாம்பட்டிக்கு வெளியே அவர்கள் குலதெய்வம் கோயிலில் பந்தல் போட்டு, இருநூறு பேருக்குச் சமையல். சீர்த்தட்டுத் தூக்கவாவது தாய்மாமன் வரவேண்டுமே என்று இவரைக் கிளப்பிக் கொண்டுபோனேன். போய் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி கக்கூஸ் எங்கே என்பது. கோயிலுக்குப் பின்னால், கொஞ்சம் நடக்க வேண்டும். என் பையில் மாற்று வேட்டி ஒன்றும் நாப்கின் நாலும் இருந்தன.

இலக்கியாவுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள். மருதாசலம் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். பாவம், நல்ல மனுஷன், முள்மேல் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தார். காது குத்த வந்த ஆசாரி ஊசியைத் துடைத்தபடி, "தாய்மாமன் தானுங்களே?" என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

கூட்டத்தில் யாரோ ஒரு அம்மா, "அதென்ன, கூடப் பொறந்தவரு கல்லாட்டம் நிக்கறாரு, பங்காளி உக்காந்திருக்கறாரு?" என்றார்.

பழனியம்மாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அவருக்குக் கரண்டு வெச்சிருக்குதுங்க. பச்சப்புள்ளைக்கு ஷாக் அடிச்சுருச்சுன்னா என்ன பண்றது?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் இவரைப் பார்த்தேன். காது மடல் சிவந்திருந்தது. கரண்டு என்று சொன்னதைப் பொறுத்துக்கொண்டவருக்கு, ஷாக் என்று சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஷாக்கோடு குடித்தனம் நடத்தியவர் ஆயிற்றே! சீர்த்தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் பந்தலுக்கு நடுவில் போய் நின்றார்.

"ஷாக்கும் அடிக்காது, ஒரு மண்ணும் அடிக்காது! எனக்கு வெச்சது கரண்டு இல்ல. அது கதிரு, போயி ஏழு வருசமாச்சு. எனக்கு என்னன்னு நானே சொல்லிப்போடறன். எனக்கு மூத்திரம் நிக்கறதில்ல. துணி வெச்சுக் கட்டியிருக்கறன். அரை மணிக்கு ஒருக்காப் போவோணும். அதச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் கரண்டுன்னு சொன்னதுக்குத் தலையாட்டுனேன். இப்ப வெக்கம் போயிருச்சு. என்ர தங்கச்சி புள்ளைக்கு நான் உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தன் மடியா? புள்ள மேல ஈரம் பட்டா தண்ணி இருக்குது, கழுவிக்கலாம்!"

மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடி அப்படியே நின்றார்.

முதலில் அசைந்தது கோகிலாதான். மாமியாரைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அண்ணா, வந்து உக்காருங்க" என்றாள். அவள் சொல்வதற்கு முன்பே மருதாசலம் பலகையிலிருந்து எழுந்துவிட்டிருந்தார்.

இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலக்கியா மடியில் உட்கார்ந்து அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். ஆசாரி வலது காதைப் பிடித்துப் பொட்டு வைத்து ஒரே குத்து. குழந்தை போட்ட அலறலில் கோயில் மரத்துக் காக்கை பறந்தது. தோட்டை மாட்டித் திருகாணியைத் திருகி முடித்தார்கள். ஆசாரி இடது பக்கம் வந்து உட்கார்ந்து, அந்தக் காதிலும் மைப்பொட்டு வைத்து ஊசியை எடுத்தார்.

அப்போது இவர் முகம் மாறியது. அந்த மாற்றம் எனக்கு மட்டும்தான் தெரியும். தொடை இறுகும், உதடு மடியும். அடக்கிப் பார்க்கிறார் என்று புரிந்தது. அடக்க முடியாது என்பதும் தெரியும்.

"ஆசாரி, சித்த இருங்க. நான் போய்ட்டு வாரேன்" என்று சத்தமாகவே சொல்லிக் குழந்தையைத் தூக்கிக் கோகிலா கையில் கொடுத்தார்.

ஆனந்தகுமார் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். "நல்ல நேரம் முடியப்போகுதுங்க மச்சான். ஒரு காதுதானுங்க பாக்கி… மருதாசலண்ணா, நீங்க சும்மா ஒரு நிமிசம் உக்காருங்க, முடிச்சுப்போடலாம்."

மருதாசலம் ஒரு அடி எடுத்து வைத்தார். அவ்வளவுதான், பழனியம்மாள் பாய்ந்து வந்து பலகைக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"டேய், உனக்கு அறிவிருக்குதா? ஒரு மடியில ஆரம்பிச்சா அதே மடியிலதான் முடிக்கோணும். பாதியில மடி மாத்துனா புள்ளைக்கு ஆகுமா? ஆரும் அந்தப் பலகையத் தொடாதீங்க!" என்று மகனை ஒரு அதட்டு அதட்டிவிட்டு இவரிடம் திரும்பினார். "நீங்க பதறாமப் போய்ட்டு வாங்க சாமி. நேரம் போனாப் போவுது. நாங்க இருக்கறம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். எந்த மடி ஆகாது என்று பத்து நாள் முன்னால் வீடு தேடி வந்து சொன்னாரோ, அந்த மடிக்கு இப்போது அவரே காவல்!

அவர் ஓடவில்லை. செவ்வாய்ப்பேட்டைக் கடையில் மாதிரி நெளியவும் இல்லை. பந்தலுக்கு நடுவாக, இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த சனத்துக்கு நடுவாக, பட்டறைக்கு நடக்கிற நடையில் நடந்து போனார். இருநூறு பேரும் காத்திருந்தார்கள். ஆசாரி ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தார். ஒரு காதில் தோடும் இன்னொரு காதில் மைப்பொட்டுமாக இலக்கியா தேம்பிக்கொண்டு காத்திருந்தாள். சமையல்காரர் வந்து இலை போடலாமா என்று கேட்டதற்கு, "மாமன் வரோணும்" என்று எங்கிருந்தோ ஒரு ஆண்குரல் பதில் சொன்னது.

ஏழெட்டு நிமிஷம் கழித்து வந்தார். வேட்டியின் முன்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஈரம். வெள்ளை வேட்டியில் எல்லாருக்கும் தெரிந்தது. நான் பையைத் திறந்துகொண்டு எழுந்தேன்.

"வேட்டிய மாத்திக்கிறீங்களா?"

"அப்பறம் மாத்திக்கலாம் வசந்தா. புள்ள ஒத்தைக் காதோட நிக்குது."

பலகையில் உட்கார்ந்து சம்மணம் போட்டு, இரண்டு கையையும் நீட்டினார். பழனியம்மாளே குழந்தையை வாங்கிக் கொண்டுவந்தார். குனிந்தபோது ஈரத்தைப் பார்த்தார். ஒரு விநாடி நின்றார். பிறகு குழந்தையை அதன்மேலேயே நன்றாக அமர்த்தி உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

இவர் இலக்கியாவின் மொட்டைத் தலையை மெல்லத் திருப்பி, இடது காதை ஆசாரிக்குக் காட்டினார்.

"ம்… குத்துங்க."